ஞாபகங்களோடு வரும் குழந்தை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதத்துப் பகல்பத்து உற்சவத்தின் முதல் நாளன்று, ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வாருடைய வம்சத்தார் என்று போற்றப்படும் வேதப்பிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளுவதும், பிறந்தகத்துக்கு வந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிர்கொள்ளும் முறையில் அந்த வீட்டார் காய்கறிகளையும் கனிகளையும் பரப்பிவைத்து வரவேற்பதும் 'பச்சை பரத்தல்' என்ற பெயரில் இன்றைக்கும் நடந்துவருகின்றன. துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் பிறந்தகம் உண்டென்றும், எடுத்து வளர்த்தவரே தகப்பனார் என்பதில் ஊராருக்கு எக்காலத்தும் சந்தேகம் எழுந்ததில்லை என்றும் இந்தச் சம்பிரதாயம் வருஷந்தோறும் சொல்லாமல் சொல்கிறது. சுவீகாரத்தைப் பற்றிப் பேசப் புகுகிறவனுக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஆயினும் இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு அந்தப் புராதனமான வரலாறு பாதி தூரம்தான் துணைக்கு வரும். விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வாருடைய கையில் கிடைத்தது ஒரு சிசு. அதற்கு முந்தைய பெயரோ, முந்தைய வீடோ, நினைத்து அழுவதற்கு முந்தைய தாயோ இருந்ததாகக் கதை சொல்லவில்லை.

நம் விசாரணைக்கு உரிய குழந்தை வேறு. ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, அவற்றைச் சூழ்ந்த கரிசல் கிராமம் ஒன்றிலோ பிறந்து, தாய் இறந்தோ, தகப்பன் விட்டுப் போயோ, இரண்டும் ஒருங்கே நேர்ந்தோ, ஓர் இல்லத்தின் பதிவேட்டில் பெயர் ஏறி, எட்டு வயதோ பத்து வயதோ ஆகி நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவளுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு முன்னால் தகப்பனுடைய முதலெழுத்தும் உண்டு. பாட்டி வைத்த குழம்பின் ருசி நாக்கில் இருக்கிறது, அடி விழுந்த இரவுகளின் அச்சம் உடம்பில் இருக்கிறது, தம்பி ஒருவன் வேறோர் இல்லத்தில் வளர்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு குடும்பத்தைத் தேடித் தருவது எவ்வாறு என்பதே கேள்வி. நம்முடைய தர்மசாஸ்திரமும், ஆங்கிலேயர் காலத்து நியாயஸ்தலங்களும், சுதந்திர இந்தியாவின் சட்டங்களும், இன்றைய இணையவழிக் காத்திருப்பு வரிசையும் பெரும்பாலும் ஞாபகம் இல்லாத குழந்தையை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன என்பதும், ஞாபகங்களோடு வருகிற குழந்தைக்கு வேண்டிய வழி அவற்றுக்கு எதிர்த் திசையில் செல்வது என்பதும், அந்த வழியில் நடப்பதற்குப் பெருநகரங்களைவிட இவ்விரண்டு ஊர்களைப் போன்றவை அதிக வசதி உடையவை என்பதும் என் அபிப்பிராயம்.

பழைய ஹிந்து தர்மத்தில் சுவீகாரத்தின் நோக்கம் குழந்தைக்கு நிழல் தருவதன்று. பிதுர்க்கடன் கழிப்பதற்கும், வம்சம் அற்றுப்போகாமல் தடுப்பதற்கும், சொத்துக்கு வாரிசு காண்பதற்கும் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆகவே எடுக்கப்படுகிறவன் ஆணாக இருக்க வேண்டும். பெற்றவர் தம் கையால் கொடுத்தால் அல்லாமல் தத்து செல்லாது. கொடுப்பதற்குப் பெற்றவர் இல்லாத அநாதைக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. நந்த பண்டிதருடைய தத்தக மீமாம்சை, காளிகா புராணத்தினதாகச் சொல்லப்படும் ஒரு பகுதியை ஆதாரமாகக் காட்டி, ஐந்து வயது கடந்த பிள்ளையைச் சுவீகரிக்கலாகாது என்று வாதிக்கிறது. அந்தப் பகுதி உண்மையில் அப்புராணத்தினதுதானா என்று அறிஞர்களே ஐயுற்றார்கள். நியாயஸ்தலங்களும் அதைக் கட்டாய விதியாகக் கொள்ளவில்லை. எனினும் சாஸ்திரக்காரர்களின் உள்ளக் கிடக்கை அதில் வெளிப்படையாகத் தெரிகிறது: பிறந்த குலத்தின் சம்ஸ்காரங்கள் படிந்துவிடுமுன் குழந்தையை எடுத்துக்கொள்ள வேண்டும், படிந்தபின் எடுத்தால் அது நம்முடையதாகாது. சாஸ்திரத்தின் பெயரையே கேட்டறியாத தம்பதியர் இன்று தத்தெடுப்பதற்குப் பதிவு செய்யும்போது, 'கைக்குழந்தையாக இருந்தால் நம்மோடு ஒட்டிக்கொள்ளும்' என்று சொல்வதும் அதே எண்ணத்தின் நவீன உருவமன்றி வேறன்று.

இந்தப் பிரதேசத்தோடு சம்பந்தப்பட்ட மிகப் பிரசித்தமான சுவீகார வழக்கு, ராமநாதபுரம் ஜமீனைப் பற்றி லண்டன் பிரிவி கௌன்ஸில் 1868-இல் தீர்ப்பளித்த வழக்கு. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும், சபிண்டர்களாகிய பங்காளிகளின் சம்மதத்தோடு திராவிட தேசத்து விதவை பிள்ளை எடுக்கலாம் என்று அது முடிவு செய்தது. விதவைக்கு உரிமை உண்டா, சமஸ்தானம் யாரைச் சேரும் என்பவற்றைச் சுற்றியே வழக்கின் வாதம் நடந்தது. பிள்ளையின் சௌக்கியம் பற்றிய கேள்வி அந்த நாளைய சட்டத்துக்கு வெளியே இருந்த விஷயம். ஆண்டாளின் ஊரையும் உள்ளிட்ட நாடு முழுவதிலும், ஹிந்துத் தகப்பன் ஒருவன் பெண் குழந்தையைச் சட்டப்படி சுவீகரிப்பதற்கு 1956-ஆம் வருஷத்து ஹிந்து சுவீகார ஜீவனாம்சச் சட்டம் வரையில் பொதுவாக வழியில்லை என்பதை நினைத்தால் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. அந்தச் சட்டம் பெண்ணுக்கும், பாதுகாவலர் மூலமாக நீதிமன்றத்தின் அனுமதியோடு அநாதைக்கும் கதவைத் திறந்தது. ஆனால் மகன் இருப்பவர் இன்னொரு மகனை எடுக்கலாகாது என்றும், வழக்காறு இடந்தந்தால் அன்றிப் பதினைந்து வயது நிரம்பிய பிள்ளையை எடுக்கலாகாது என்றும் அது விதித்ததிலிருந்து, வாரிசு தேடும் பழைய எண்ணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது தெளிவாகும்.

சட்டம் இவ்வாறிருக்க, ஜனங்களின் பேச்சு எப்படி இருந்தது? பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துபோகும் வீட்டில், புதிதாகப் பிறந்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதும், அந்தக் குழந்தைக்குத் தவிடன், பிச்சை, குப்பை என்று பெயரிடுவதும் இந்தச் சீமையில் நெடுங்காலம் இருந்த வழக்கம். அதிலிருந்து பிறந்த 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்ற கேலியை, அண்ணன் தம்பிமேலும் அக்காள் தங்கைமேலும் இன்னும் பிரயோகிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை அன்று என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் ஒரு குழந்தைக்கு இல்லை என்ற நம்பிக்கைதான் அந்தக் கேலிக்குப் பலம் கொடுக்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியைச் சிலர் மறுமொழியாகச் சொல்லக்கூடும். அங்கேயும் குறி தன் பிள்ளைமேல்தான் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். 2000-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2015-ஆம் வருஷத்துச் சட்டமும் சுவீகாரத்தை வாரிசு விவகாரத்திலிருந்து பிரித்து, குழந்தையின் மறுவாழ்வுக்கான சாதனமாக வகுத்தன. மத பேதமின்றி எவரும் 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதிப்படுத்தியது. மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக்குழு, கைவிடப்பட்ட குழந்தையின் உற்றாரைத் தேடிப் பார்த்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதத்திலும், தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று பிரகடனம் செய்ய வேண்டும். அதன் பிறகு, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமாகிய 'காரா'வின் இணையப் பதிவேட்டில் குழந்தையின் விவரமும் மருத்துவ அறிக்கையும் ஏறும். பதிவு செய்த தம்பதியருக்கு வரிசைப்படி அவை காட்டப்படும். ஒப்புக்கொண்டவரிடம் குழந்தை முதலில் தத்துக்கு முந்திய வளர்ப்புப் பராமரிப்பில் சென்று சேரும். உத்தரவு பிறகு வரும். இந்த மாவட்டத்தார் அந்த உத்தரவுக்காக முன்பெல்லாம் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. 2021-இல் செய்யப்பட்டு 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தினால், அந்த அதிகாரம் விருதுநகரில் உள்ள மாவட்ட ஆட்சியரிடம் சென்றுவிட்டது. நீதிபதியின் தீர்க்க விசாரணை போய் ஆட்சியரின் கோப்பு வந்தது நன்மைதானா என்பதில் வழக்கறிஞர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. நம்முடைய பெண்ணின் சங்கடம் அந்த உத்தரவுக்கு வெகு தூரம் முன்பே தொடங்கிவிடுகிறதாகையால் அதை இங்கே விட்டுவிடலாம்.

வரிசையின் நிலைமையைச் சில எண்களால் அறியலாம். 2022 ஆகஸ்டில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கைப்படி, தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருந்த பெற்றோர் 2017-இல் 17,886 பேர். 2021 டிசம்பரில் 27,939 பேர். அதே அறிக்கை, இல்லங்களில் உள்ள அநாதைகளும் கைவிடப்பட்டோரும் ஒப்படைக்கப்பட்டோருமாகிய குழந்தைகளுள் 6,996 பேர் தத்துக்கு உரியவர்களாக இருந்தும், 2,430 பேரே அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டிருந்தார்கள் என்று கூறுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றுவது, குழந்தை குறைவு, பெற்றோர் அதிகம், ஆகவே எந்தக் குழந்தையும் வீடில்லாமல் நிற்காது என்பதே. நடப்பது அதற்கு மாறானது. காத்திருப்போரில் மிகப் பலர் வேண்டுவது ஆரோக்கியமான கைக்குழந்தை; பதிவேட்டில் நெடுநாள் தங்கிவிடுவோர் பெரும்பாலும் உடற்குறை உள்ளவர்களும், ஐந்து வயது கடந்தவர்களும், ஒருவரை ஒருவர் பிரிய விரும்பாத சகோதர சகோதரிகளும். அத்தகையோரில் பலரை ஏற்றவர்கள் வெளிநாட்டுக் குடும்பத்தார் என்பது நமக்குப் பெருமை தரத்தக்க செய்தியன்று. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இல்லங்களில் உள்ள குழந்தைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆய்ந்து தத்துக்கு உரியவர்களைக் கண்டறியும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டபின் வேகம் ஓரளவு கூடியது. 2024-25-இல் புதிதாக 8,598 குழந்தைகள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டார்கள். அவ்வருஷத்தில் 4,515 தத்தெடுப்புக்கள் நிகழ்ந்தன. அவற்றுள் 4,155 உள்நாட்டில் நடந்தவை.

பெயர் பதிவேட்டில் ஏறுவதற்கே சில குழந்தைகளுக்குப் பல வருஷங்கள் ஆகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் தாயும் தகப்பனும் அற்ற பூரண அநாதைகள் சிறு பகுதியினரே. பலருக்குத் தாய் இருக்கிறாள், அவள் மறுமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அல்லது தகப்பன் இருக்கிறான், குடியும் கடனுமாக ஊர் ஊராகத் திரிகிறான். இந்த மாவட்டத்துக்கு அதன் தொழில்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. 2012-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்தவை போன்ற பட்டாசு ஆலை விபத்துக்களில் ஒரே நாளில் பல வீடுகள் விளக்கணைந்து போயின. அப்படித் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைத் தாய்மாமனோ, சித்தியோ, பாட்டியோ எடுத்துக்கொள்வதே இங்கே மரபு. அந்த மரபுக்கு இப்போது சட்டத்திலும் வழி இருக்கிறது: உறவினர் தத்தெடுப்பு என்று 2015-ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தனியாக வகுத்து, ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் சம்மதத்தையும் கேட்கச் செய்கிறது. எடுத்து வளர்ப்பதற்கு உறவினரும் இல்லாமல், வந்து பார்ப்பதற்கு ஆளும் இல்லாமல், ஆனால் தாய் உயிரோடிருக்கிறாள் என்ற ஒரே காரணத்தால் தத்துக்கும் உரியவரல்லாமல் இல்லத்தில் தங்கிவிடுகிற பிள்ளைகள்தாம் நடுவில் அகப்பட்டவர்கள். வருஷக்கணக்கில் எவரும் வந்து பார்க்காத குழந்தைகளையும், வளர்க்கத் தகுதியற்ற பாதுகாவலரை உடைய குழந்தைகளையும் தத்துக்குப் பரிசீலிக்கலாம் என்ற நிலை வெகு சமீபத்தில்தான் ஏற்பட்டது. அதற்குள் கைக்குழந்தையாக வந்தவர்கள் மூன்றாம் வகுப்புப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாடு இவ்விடத்தில்தான் நுழைகிறது. பெற்றோரின் உரிமையை அறுக்காமல், குழந்தையை வேறொரு குடும்பத்தில் சிலகாலம் வாழச் செய்வது அது. 'மிஷன் வாத்ஸல்யா' திட்டத்தின்கீழ் அக்குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்கும். 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, சகோதரர்களைக் கூடியவரையில் ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும் என்று நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, தத்துக்கு உரியவராகக் கருதப்படும் குழந்தையை நெடுங்கால வளர்ப்புப் பராமரிப்பில் விடலாகாது என்றும் சொல்கிறது. குழந்தை வளர்ப்பு வீட்டிலேயே தங்கித் தத்துக்குரிய வாய்ப்பை இழந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுந்த விதி அது. ஆயினும் விளைவு என்னவென்றால், தத்துக்கு உரியவள் என்று எழுதப்பட்டவள் எவரும் கேட்டு வராத போதிலும் இல்லத்திலேயே காத்திருக்க வேண்டியவளானாள். 2016-ஆம் வருஷத்து மாதிரி நெறிமுறைகள் அதைத் தளர்த்தி, ஆறு முதல் எட்டு வயது வரை உள்ளவர் இரண்டு வருஷமும், எட்டுக்கு மேற்பட்டவர் ஒரு வருஷமும் காத்திருந்து குடும்பம் கிடைக்காவிட்டால் வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பலாம் என்றன. ஐந்து வருஷம் ஒரு வீட்டில் வளர்ந்தபின் அந்த வீட்டாரே தத்தெடுக்கலாம் என்ற அக்கால ஏற்பாட்டை, 2024-இல் வந்த புதிய நெறிமுறைகள் இரண்டு வருஷமாகக் குறைத்தன; விவாகமாகாதவரும், கணவனை இழந்தவரும், மணமுறிவு பெற்றவரும் தனித்தே வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்றும், தனித்த ஆண் பையனை மட்டும் வளர்க்கலாம் என்றும் விதித்தன. அதே வருஷம் நவம்பர் மாதத்தைத் தத்தெடுப்பு விழிப்புணர்வு மாதமாகக் கொண்டாடிய காரா, பெரிய குழந்தைகளை வளர்ப்புப் பராமரிப்பின் வழியே குடும்பத்தில் சேர்ப்பதையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டது. இவ்விஷயத்தில் அரசாங்கம் செய்தவற்றுள் மிகவும் பயன்தரத்தக்கது, இரண்டு வருஷம் வளர்த்த வீட்டாரே தத்தெடுக்கலாம் என்ற இந்த விதி என்று நான் கருதுகிறேன். முன்பின் அறியாத தம்பதியரிடம் புகைப்படத்தையும் மருத்துவ அறிக்கையையும் காட்டி, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும்படி கேட்பது கைக்குழந்தைக்குச் சரிப்படலாம். பத்து வயதுப் பெண்ணுக்கும் அவளை எடுப்பவருக்கும் வேண்டியது கூடி வாழ்ந்து பார்க்கும் அவகாசம்.

அயல்நாட்டார் இவ்விஷயத்தில் நம்மைவிட முன்னதாகவே தவறுகளைச் செய்து பார்த்துவிட்டார்கள். நியூயார்க்கின் தெருக்களில் திரிந்த பிள்ளைகளை 1854 முதல் 1929 வரை ரயிலில் ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அவ்வாறு சென்றார்கள். வழியிலுள்ள ஊர்களில் அவர்களை வரிசையாக நிறுத்த, குடியானவர்கள் வந்து தோளையும் கையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சென்றார்கள். நல்ல வீடு வாய்த்தவர்களும் அவர்களில் உண்டு, வயல்வேலைக்கு ஆளாகக் கொள்ளப்பட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1973-இல் ஜேன் ரோவும் லிடியா லாம்பர்ட்டும் வெளியிட்ட ஆராய்ச்சி, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எவரும் ஒரு திட்டமும் வகுக்காமல் காலம் கடத்துவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1977-இல் பார்பரா டிஸார்டு எழுதிய நூல், இரண்டு வயதுக்குப் பிறகு இல்லத்திலிருந்து தத்துப் போன பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் மிகப் பலர் புதிய பெற்றோரிடம் ஆழ்ந்த பாசம் கொண்டார்கள் என்றும், மனமில்லாத பெற்ற தாயாரிடம் திரும்ப அனுப்பப்பட்டவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள் என்றும், ஆயினும் பள்ளியில் ஓரிடத்தில் நில்லாமையும் தோழரோடு ஒத்துப்போகாமையும் அவர்களிடம் எஞ்சியிருந்தன என்றும் கண்டது. கைக்குழந்தைதான் ஒட்டும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நிதானமான பதில் எனக்குத் தெரியாது. அது முழுவதும் பொய் என்றும் டிஸார்டு சொல்லவில்லை, முழுவதும் மெய் என்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வெகு காலம் கையாண்ட இன்னொரு வழி, காத்திருக்கும் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் காட்டுவது. அதனால் வீடு கிடைத்தவர்கள் பலர். நம் ஊரில் அப்படிச் செய்தால், மறுநாள் பள்ளியில் அந்தப் பெண்ணின் கதி என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று நம் சட்டம் தடுத்திருப்பது நியாயமே. ஆனால் அதே நாட்டில் 2004 முதல் நடைபெறும் மற்றொரு முயற்சியை நாம் கூச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம். தாமே தத்துப்பிள்ளையாக வளர்ந்த உணவக அதிபர் டேவ் தாமஸ் நிறுவிய அறக்கட்டளையின் ஏற்பாட்டில், ஒவ்வோர் ஊழியரும் சில குழந்தைகளை மட்டும் பொறுப்பேற்றுக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையின் கோப்பையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, அதன் வாழ்வில் எப்போதேனும் வந்துபோன பெரியவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, பழைய ஆசிரியை, தூரத்து உறவு, விளையாட்டுப் பயிற்சியாளர், முன்பு வளர்த்த வீட்டார் என்று ஒவ்வொருவராகத் தேடிச் செல்கிறார்கள். 2011-இல் வெளிவந்த மதிப்பீடு, இவ்வாறு தேடப்பட்ட பிள்ளைகளுக்குத் தத்து அமையும் வாய்ப்பு மற்றவரைவிட 1.7 மடங்கு என்றும், வயதில் பெரியவர்களுக்கு அதனினும் அதிகம் என்றும் காட்டிற்று.

ராஜபாளையத்தைப் போன்ற ஊருக்கு இந்த முறை மிகவும் இசைந்தது என்பதற்கு அதன் வாழ்க்கை முறையே காரணம். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் பஞ்சாலையை நிறுவிய நாள் முதல், ஆலையைச் சுற்றி ஆலைக்காரர் குடும்பங்களும், ஆலைக்காரர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுமாக ஊர் வளர்ந்தது. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் தெருத்தெருவாக ஓடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காரருக்குப் பால் ஊற்றுகிறவரின் வீட்டு நடப்புக்கூடத் தெரியும். இத்தகைய ஊரில் இல்லத்துக் குழந்தையை அறிந்த பெரியவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். ஐந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா, இல்லத்தில் சமைத்து ஓய்வு பெற்ற அம்மாள், இறந்துபோன தாயோடு ஒரே ஷிப்டில் நூற்ற சிநேகிதி, குழந்தையில்லாத வாத்தியார் தம்பதியர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்களுக்கும் தாங்கள் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்பது தெரியாது. தத்தெடுப்பதென்றால் டில்லிக்கு எழுதி நாலு வருஷம் காத்திருந்து முகம் தெரியாத கைக்குழந்தையை வாங்குவது என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் ஒருவர் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, 'உனக்கு யாரைப் பிடிக்கும்? யார் வீட்டில் ஒரு நாள் இருக்க ஆசை?' என்று கேட்டு, அவள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொண்டு, அந்த வாசல்களை ஏறி இறங்கினால், டில்லியின் வரிசை தராததைப் பக்கத்துத் தெரு தரக்கூடும். பாதுகாப்புச் சோதனைகளைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தெரிந்தவர் என்பதனாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடமாட்டார்; குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்களில் பலர் தெரிந்தவர்களே. ஆகையால் இல்ல ஆய்வும், போலீஸ் சான்றும், திடீர் வருகைகளும் தெரிந்தவருக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வீடு கிடைத்தபின் நேர்வனவற்றையும் கொஞ்சம் அருகிருந்து பார்ப்பது நலம். முதல் வாரம் அந்தப் பெண் சொன்னதையெல்லாம் கேட்பாள், தட்டைத் தானே கழுவுவாள், விருந்தாளி போல் நாற்காலியின் நுனியில் உட்காருவாள். பிறகு ஒருநாள் தலையணை உறைக்குள் இரண்டு இட்லியும் அரைப் பொட்டலம் மிக்சரும் அகப்படும். அதைக் கண்டு, 'நம் வீட்டில் சோற்றுக்கா பஞ்சம், இப்படித் திருடுகிறாளே' என்று மாமியார் சொல்லுமிடத்தில்தான் பல வீடுகளில் முதல் விரிசல் காண்கிறது. அது திருட்டன்று, நாளைக்கு இருக்குமோ என்ற கணக்கு. மூடிபோட்ட டப்பா ஒன்றை அவள் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்து, 'இது உன்னுடையது, காலியானால் சொல்லு' என்றால் சில மாதங்களில் அந்த வழக்கம் தானே போய்விடும் என்று இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் சொல்லுகிறார்கள். மூன்றாவது நான்காவது மாதத்தில் எதிர்ப்பேச்சும் பிடிவாதமும் தோன்றும்: இவ்வளவு செய்தாலும் என்னை வைத்துக்கொள்வார்களா என்று அவள் சோதிக்கிறாள்.

இன்னொரு சங்கடம் தமிழர்க்கே உரியது. வருகைப் பதிவேட்டில் நான்கு வருஷமாக 'மு' என்று தொடங்கிய பெயர், தத்து உத்தரவு வந்ததும் 'ச' என்றோ 'ரா' என்றோ தொடங்க வேண்டும். கைக்குழந்தையின் முதலெழுத்தை எவரும் கவனிப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இனிஷியல் மாறினால் வகுப்பு முழுவதும் கேட்கும். உத்தரவின்படி புதிய பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பள்ளிப் பதிவும், ஆதாரும், பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' எண்ணோடு இணைந்த விவரங்களும் தனித்தனியே திருத்தப்பட வேண்டும். பழைய எழுத்தை விட மனமில்லாத பெண்ணும் உண்டு, மறுநாளே புதிய எழுத்தை எல்லா நோட்டுக்களிலும் எழுதிவிடும் பெண்ணும் உண்டு. எது எப்போது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

எழுத்தைத் தொடர்ந்து வருவது ஜாதி. தென்மாவட்டங்களில் குழந்தையை எடுக்க விரும்புகிறவரின் உற்றார் முதலில் கேட்பது இதைத்தான் என்பதை மறைத்துப் பயனில்லை. கைக்குழந்தையின் பிறப்பு தெரியாததால் அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது; வளர்ந்த பெண்ணுக்கோ ஊரும் தெருவும் தெரிந்திருக்கின்றன. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, காக்க எவரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த குழந்தைகளைத் தமிழ்நாட்டு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஒரு வகுப்பாகச் சேர்த்திருக்கிறது. பிறப்பு தெரியாத ஒருவருக்கும் இந்நாட்டில் ஏதேனும் ஒரு வகுப்பில் இடம் வேண்டியிருப்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. ஜாதி பார்த்துப் பிள்ளை தேடுகிற வீட்டுக்கு வளர்ந்த குழந்தையை அனுப்பலாகாது என்பதில் நான் கண்டிப்பானவன். அவள் அந்த வீட்டில் பிறந்த ஜாதியை மறைக்க வேண்டியவளாகவோ, அதற்காகப் பொறுத்துக்கொள்ளப்படுபவளாகவோதான் இருப்பாள்.

இவற்றுக்கெல்லாம் ஆயத்தம் செய்யாமல் அனுப்பினால் என்ன ஆகும்? 2017 முதல் 2019 வரையில் குடும்பங்களுக்குச் சென்ற 6,650 குழந்தைகளில் 278 பேர், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர், திரும்ப இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற தகவல் வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஆறு வயது கடந்தவர் பலர். அந்த எண்ணைக் காட்டி, பெரிய குழந்தைகளைக் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று வாதிப்பவர்கள், மற்ற தொண்ணூற்றாறு பேரை மறந்துவிடுகிறார்கள். ஆனால் குடும்பத்தில் சேர்ந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு வருஷம் சென்று பார்க்க வேண்டும் என்ற விதி, படிவம் நிரப்பி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடிந்துவிட்டால் அந்த எண் குறையாது. தாய் தகப்பன் தம் தோல்வியைச் சொல்லி அழுவதற்கு ஓரிடமும், பெண் தன் பழைய இல்லத்து அக்காளோடு பேசுவதற்கு ஒரு போன் நம்பரும் இருந்தாலே பல வீடுகள் நிலைத்திருக்கும். தம்பி வேறிடத்தில் இருந்தால் அவனையும் சேர்த்தே கொடுக்க முயல வேண்டும். முடியாதபோது, மாதம் ஒருமுறை அவர்கள் சந்திப்பதை இரண்டு குடும்பங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யலாம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு முதல் பதினெட்டு வரையிலான குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது நூற்றுப்பத்து வரை இருக்கலாம், தனியொருவரானால் ஐம்பத்தைந்து வரை இருக்கலாம் என்று 2022-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகள் அனுமதிக்கின்றன; இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள தம்பதியரும் எளிதில் இடம் கிடைக்காத குழந்தையை எடுக்கலாம். மகளை மணம்செய்து அனுப்பிவிட்டு ஐம்பது வயதில் வீடு வெறிச்சோடி நிற்கும் தம்பதியரை வைத்துத்தான் இந்த விதி எழுதப்பட்டதோ என்று தோன்றும். கைக்குழந்தையின் இரவுகளைத் தாங்கும் வயது அவர்களுக்குக் கடந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் கோபத்தையும் தாங்கும் பக்குவம் வந்திருக்கிறது. பெற்றோரைத் தேடுகிறவர்கள் இவர்களை நாடுவதே இல்லை.

பதினெட்டு நிரம்பியவுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிற்காப்பு என்ற பெயரில் இருபத்தொரு வயது வரை உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்கலாம். குடும்பம் கிடைக்க வழியில்லை. ஜப்பானில் நடக்கும் தத்துக்களில் மிகப் பெரும்பாலானவை வளர்ந்தவரைத் தத்தெடுப்பவையே. அமெரிக்காவிலும் வளர்ப்பு வீட்டில் வளர்ந்து பெரியவரானவரை அதே வீட்டார் பின்னர்த் தத்தெடுப்பதுண்டு. நம் சட்டங்களில் அதற்குப் பொதுவாக இடமில்லை. 1956-ஆம் வருஷத்துச் சட்டம், வழக்காறு இடந்தந்தால் அன்றிப் பதினைந்தோடும், 2015-ஆம் வருஷத்துச் சட்டம் பதினெட்டோடும் வாசலை அடைத்துவிடுகின்றன. ஆகவே, விருதுநகர் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு தன் அலமாரியிலுள்ள கோப்புக்களில் எவற்றை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எவரேனும் என்னைக் கேட்டால், நாளைக்கு மறுநாள் என்று தள்ளப்பட்டுக் கொண்டேயிருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் கோப்புக்களை என்பேன்.